அடையாறு யார் பொறுப்பு? ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டும் இலாகாக்கள். மூக்கைப் பொத்தும் தாம்பரம் ஜனங்கள்!

தாம்பரம்,

மழை வந்தால் வீட்டுக்குள் வருகிறது. வெயில் வந்தால் மூக்குக்குள் வருகிறது. முடிச்சூரில் தொடங்கி திருநீர்மலை, அனகாபுத்தூர், பொழிச்சலூர் வரை அடையாற்றங்கரையில் குடியிருக்கும் ஜனங்கள் படும் பாடு இதுதான்.

ஆற்றில் சாக்கடை விடுவது யார்? அதைத் தடுக்க வேண்டியது யார்? தடுக்காவிட்டால் சட்டப்படி யார் சட்டையைப் பிடிப்பது?

இதைக் கேட்டுப் போனால் ஒவ்வோர் ஆபீசிலும் ஒவ்வொரு பதில். "அது எங்க ஏரியா இல்லே" என்பது ஒரு பதில். "அது வேற இலாகா" என்பது இன்னொரு பதில். "மனு கொடுத்துட்டுப் போங்க" என்பது கடைசி பதில்.

ஆனால் சட்டத்தில் இதற்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டே இரண்டு முறை அடித்துச் சொல்லிவிட்டது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பிறக்கும்போது நல்ல தண்ணீர்

அடையாறு மலையில் பிறந்த ஆறு அல்ல. ஏரித் தண்ணீரில் பிறந்த ஆறு. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர்தான் இதன் ஆரம்பம். வரதராஜபுரம், முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பக்கமாக வந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரித் தண்ணீரையும் சேர்த்துக்கொள்கிறது. பிறகு அனகாபுத்தூர், பொழிச்சலூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. மொத்த நீளம் சுமார் 42 கிலோ மீட்டர்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதைகூட இந்த ஆற்றின் மேல் பாலம் போட்டுத்தான் போகிறது. விமானத்தில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரருக்கு ஊரின் முதல் வரவேற்பே சாக்கடைதான்!

திருநீர்மலைக்கு அந்தப் பெயர் வந்த கதை பெரியவர்களுக்குத் தெரியும். திருமங்கை ஆழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து நின்றதாம். அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து தரிசனம் செய்தாராம். அதனால் நீர்மலை. இன்று அந்த மலையடிவாரத்தில் ஓடும் நீரில் காலை நனைக்கவே ஆள் யோசிக்கிறது.

எப்படிக் கெட்டது?

மழைக்காலம் போக மற்ற மாதங்களில் அடையாற்றில் சொந்தத் தண்ணீர் கிடையாது. அப்போது ஓடுவது என்ன? வீட்டுக் கழிவுநீர். அவ்வளவுதான்.

அது வரும் வழி இதுதான்: புறநகரில் வீடுகள் முதலில் வந்தன. பாதாளச் சாக்கடை பின்னால் வந்தது. பல இடங்களில் இன்னும் முழுமையாக வரவில்லை. அதனால் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அதன் வேலை கழிவைத் தேக்கி, கசடைக் கீழே படிய வைப்பது. மேலே நிற்கும் தண்ணீர் மண்ணில் இறங்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கசடை லாரி வைத்து எடுக்க வேண்டும்.

ஆனால் நடப்பது வேறு. அரை கிரவுண்டில் மூன்று மாடி. கீழே சின்ன டேங்க். பத்துக் குடித்தனத்துத் தண்ணீரை அது எப்படித் தாங்கும்? ராத்திரியோடு ராத்திரியாக ஒரு குழாயைப் போட்டு மழைநீர்க் கால்வாயில் விட்டுவிடுகிறார்கள். மழைநீர்க் கால்வாய் போய்ச் சேரும் இடம் ஏரி அல்லது ஓடை. இரும்புலியூர், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் கடைசியில் அடையாற்றுக்குத்தான் வருகிறது.

வீட்டுக்காரர் ஒரு குழாயைப் போட்டார். கால்வாயைக் கட்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆறு செத்தது.

இரவு லாரிகள்

இன்னொரு கொடுமை டேங்கர் லாரி. செப்டிக் டேங்கில் உறிஞ்சிய கழிவை சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்பது விதி. லாரிக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

சுத்திகரிப்பு நிலையம் தூரம். டீசல் செலவு. ஆறு பக்கம். இருட்டு இலவசம். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் பாலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்திக் குழாயைத் திறந்துவிட்டால் அஞ்சு நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஒரு லாரி கழிவு என்பது ஆயிரக்கணக்கான லிட்டர்.

லாரியின் நம்பர் பிளேட்டை யார் பார்ப்பது? ராத்திரி ரோந்து யார் போவது? உரிமம் கொடுத்த இடத்துக்குத்தான் அந்தப் பொறுப்பு.

தோல் தொழிற்சாலைகள்

குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தோல் கம்பெனியால் வந்தது. குரோம் உப்பு போட்டுத் தோல் பதனிட்ட 'குரோம் லெதர்' கம்பெனி அது. பிறகு பல்லாவரம், நாகல்கேணி பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகின. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். ஆனால் உப்பும் ரசாயனமும் கலந்த கழிவுநீர் நிலத்தடித் தண்ணீரைப் பாழாக்கியது.

1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு பெரிய தீர்ப்பு சொன்னது. வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. ஆனால் தீர்ப்பு வேலூரோடு நிற்கவில்லை. அப்போதைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளையும் சேர்த்தே பிடித்தது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. தொழிற்சாலை ஒவ்வொன்றும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் தொழில் நடத்தக் கூடாது என்று உத்தரவு. "அசுத்தம் செய்தவனே செலவு கொடுக்க வேண்டும்" என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டம் என்று அன்றுதான் உறுதியானது.

தொழிற்சாலைக்கு ஒரு நீதி. சரி. அப்படியானால் ஊர்ச் சாக்கடைக்கு?

"எங்க ஏரியா இல்லே"

இங்கேதான் கண்ணாமூச்சி ஆட்டம் தொடங்குகிறது.

ஆற்றின் படுகையும் கரையும் நீர்வளத்துறை கையில். கழிவுநீரும் குப்பையும் உள்ளாட்சி கையில். தொழிற்சாலைக் கழிவும் தண்ணீர்ப் பரிசோதனையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கையில். கரையோரத்துப் பட்டா, புறம்போக்குக் கணக்கு வருவாய்த்துறை கையில். சென்னை ஆறுகளைச் சீரமைக்க தனியாக ஓர் அறக்கட்டளையும் இருக்கிறது.

நடுவில் பல்லாவரம் கன்டோன்மென்ட் எல்லை வேறு. இது மத்திய அரசின் ராணுவ இலாகாவோடு சேர்ந்தது.

2021-ம் ஆண்டு நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகள். பத்தும் சேர்ந்து ஒன்று. மொத்தம் 70 வார்டு.

பத்து ஆபீசுக்கு அலைந்த ஜனங்களுக்கு ஒரே ஆபீஸ் ஆனது. "இனிமே விடிஞ்சுது" என்று பலர் நினைத்தார்கள். ஆனால் ஆற்றங்கரையிலேயே இருக்கும் முடிச்சூர், பொழிச்சலூர், கவுல்பஜார், வரதராஜபுரம் அப்போது மாநகராட்சியில் சேரவில்லை. ஊராட்சிகளாகவே இருந்தன. அதிலும் வரதராஜபுரம் காஞ்சீபுரம் மாவட்டம். முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம். ஆற்றுக்கு என்ன தெரியும், ஜில்லா எல்லை? மேலே விட்டதைக் கீழே கொண்டுவந்து கொடுக்கிறது. அதுதான் அதன் வேலை.

மாநகராட்சி தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பத்து உள்ளாட்சிகளின் பழைய பாக்கி வேலைகள் ஒரே தலையில் விழுந்தன. சுத்திகரிப்பு நிலையம் கட்ட இடம் வேண்டும். எங்கே இடம் பார்த்தாலும் "எங்க வீட்டுப் பக்கத்துல வேண்டாம்" என்று எதிர்ப்பு வருகிறது. பாதாளச் சாக்கடை போட்ட தெருவிலேயே இணைப்புக் கட்டணத்துக்குப் பயந்து கனெக்‌ஷன் வாங்காத வீடுகளும் உண்டு. சாக்கடையை மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிடுவதும் ஜனங்கள்தானே!

எல்லாம் சரி. ஆனால் இவை எதுவுமே கோர்ட்டில் செல்லாது. அது எப்படி?

ரத்லாம் சொன்ன பாடம்

மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்று ஒரு ஊர். அங்கே ஒரு தெருவில் சாக்கடை தேங்கி நின்றது. சாராய ஆலையின் நாற்றத் தண்ணீர் வேறு. கழிவறை இல்லாத ஏழைகள் தெரு ஓரத்திலேயே ஒதுங்க வேண்டிய நிலைமை. கொசு. நாற்றம்.

அந்தத் தெருக்காரர்கள் பெரிய வக்கீலைத் தேடி டெல்லிக்கு ஓடவில்லை. உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லும் கிரிமினல் நடைமுறைச் சட்டம் 133-வது பிரிவில் மனு போட்டார்கள். 'சாக்கடை கட்டு' என்று மாஜிஸ்திரேட் நகராட்சிக்கு உத்தரவிட்டார்.

"எங்களிடம் பணம் இல்லை" என்று நகராட்சி சுப்ரீம் கோர்ட் வரை போனது.

1980-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார். பணம் இல்லை என்ற காரணம் செல்லாது. ஊரைச் சுத்தமாக வைப்பது நகராட்சியின் முதல் கடமை. கஜானா காலி என்று சொல்லி அந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

சாதாரணத் தெருக்காரர்கள் ஒரு நகராட்சியை ஜெயித்த கதை இது. இன்றும் வக்கீல்கள் இந்த வழக்கைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

2017-ல் மறுபடியும் அடி

37 வருஷம் கழித்து 2017 பிப்ரவரி 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. தலைமை நீதிபதி ஜே.எஸ்.கேஹர் தலைமையிலான பெஞ்ச் சொன்னது இது: ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைப்பது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையே அந்த வேலையை அவர்களிடம் கொடுத்திருக்கிறது. 3 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். பணம் போதவில்லை என்றால் உபயோகிப்பவர்களிடம் கட்டணம் வசூலிக்க விதி செய்துகொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் மாநில அரசு பணம் கொடுக்க வேண்டும். பணம் இல்லை என்று மட்டும் சொல்லக் கூடாது.

அந்த 3 ஆண்டு 2020-லேயே முடிந்துவிட்டது.

அதன் பிறகு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மீட்டர் போட்டது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல், சாக்கடை விழும் கால்வாயில் தற்காலிகச் சுத்திகரிப்புகூடச் செய்யாவிட்டால் கால்வாய் ஒன்றுக்கு மாதம் 5 லட்சம் ரூபாய். 2021 மார்ச் 31-க்குள் சுத்திகரிப்பு நிலையத்தை முடிக்காவிட்டால் நிலையம் ஒன்றுக்கு மாதம் 10 லட்சம் ரூபாய். அதற்கு முன்பே, 2019 பிப்ரவரியில், கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் மூன்றையும் காப்பாற்றத் தவறியதற்காகத் தமிழக அரசு 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று அதே தீர்ப்பாயம் உத்தரவிட்டிருந்தது.

அபராதம் யார் பணம்? வரி கட்டும் ஜனங்களின் பணம். சாக்கடை நாற்றமும் அவர்களுக்கு, அபராதமும் அவர்களுக்கு! அதிகாரி சம்பளத்தில் பிடித்தால்தான் உறைக்கும் என்று ஜனங்கள் பேசிக்கொள்வதில் ஆச்சரியம் என்ன?

திட்டத்துக்குக் குறைவில்லை

2017-ல் அடையாறு சீரமைப்புக்கு 555 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2023-ம் ஆண்டு தமிழக பட்ஜெட்டில் தனியார் பங்களிப்போடு 1,500 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2022-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட அசுத்தமான ஆறுகள் பட்டியலில் அடையாறு இடம் பிடித்தது. அதே பட்டியலில் கூவம் நாட்டிலேயே படுமோசம்.

தண்ணீரின் அசுத்தத்தை அளக்க ஒரு கணக்கு உண்டு. தண்ணீரில் உள்ள கழிவை நுண்கிருமிகள் தின்று தீர்க்க எவ்வளவு பிராணவாயு தேவை என்பதுதான் அது. ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு உள்ளே இருந்தால் குளிக்கலாம். அதற்கு மேலே போகப் போக தண்ணீரில் மீனுக்குக்கூட மூச்சு மிஞ்சாது. சாக்கடை விழும் ஆற்றில் மீன் செத்து மிதப்பது இதனால்தான்.

அந்த அசுத்தத்தில் கொசு மட்டும் சுகமாக வளர்கிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவுக்குச் சாக்கடைத் தண்ணீர்தான் பிடித்த இடம்.

2015-ஐ மறக்க முடியுமா?

2015 டிசம்பர் 1-ந் தேதி. அன்று காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. முடிச்சூரும் வரதராஜபுரமும் தீவாயின. மொட்டை மாடியில் நின்றவர்களைப் படகு வந்து இறக்கியது. ஆறு விமான நிலையத்துக்குள்ளேயே புகுந்தது. பல நாள் விமானம் ஓடவில்லை.

அன்று வீட்டுக்குள் வந்தது வெறும் மழைத் தண்ணீர் அல்ல. அத்தனை நாள் ஆற்றில் விட்ட அத்தனையும் திரும்பி வந்தது. அரிசி மூட்டையில், மெத்தையில், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் சாக்கடைச் சேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் முடிச்சூர்ப் பக்கம் இதே கதை.

சாக்கடையும் குடிதண்ணீரும் ஒரே தெருவில் ஒட்டி ஓடும் ஊரில் பயம் வேறு மாதிரி. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் குரோம்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உயிர்ப்பலியும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று ஜனங்கள் குமுறினார்கள். அப்படி இல்லை என்று அரசுத் தரப்பில் மறுத்தார்கள். யார் சொன்னது சரியோ, அந்தத் தெருக்களில் குழாயைத் திறக்கும் கைக்கு அன்றைக்கு வந்த பயம் பொய் அல்ல.

இடிந்தது யார் வீடு?

2025 மே மாதம் அனகாபுத்தூரில் புல்டோசர் வந்தது. அடையாற்றங்கரையில் ஆக்கிரமிப்பு என்று சொல்லி நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. பல வருஷமாகக் குடியிருந்தவர்கள் அழுதார்கள். மாற்று வீடு கொடுத்தார்கள். ஆனால் அது வெகு தூரத்தில், கீரப்பாக்கம், பெரும்பாக்கம் போன்ற இடங்களில். வேலை இங்கே, பிள்ளைகளின் படிப்பு இங்கே, வீடு அங்கே.

கரையை அகலப்படுத்த வேண்டும் என்பது நியாயமாக இருக்கலாம். 2015-ஐப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கரையில் இருந்த குடிசை கண்ணுக்குத் தெரிந்தது. ஆற்றுக்குள் கழிவை விடும் குழாய் ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? குடிசைக்கு நோட்டீஸ் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கக் குழாய்க்கு நோட்டீஸ் ஒட்டத் தெரியாதா?

சிங்கப்பூரில் முடிந்தது

ஒரு காலத்தில் சிங்கப்பூர் ஆறும் இப்படித்தான் நாறியது. 1977-ல் பிரதமர் லீ குவான் யூ 10 வருஷக் கெடு வைத்தார். 1987-ல் ஆறு சுத்தமானது.

அங்கே முதலில் ஆற்றைத் தோண்டவில்லை. கரையில் பூங்காவும் வைக்கவில்லை. அசுத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி அடைத்தார்கள். பன்றிப் பண்ணைகளை அகற்றினார்கள். தெருக்கடைக்காரர்களுக்குச் சாக்கடை வசதியோடு கடை கட்டிக் கொடுத்தார்கள். குடிசைவாசிகளுக்கு அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். பல இலாகாக்கள் சேர்ந்து ஒரே கெடுவுக்கு வேலை பார்த்தன.

ஜனங்கள் என்ன செய்யலாம்?

ரத்லாம்காரர்கள் போன வழி இன்றும் திறந்தே இருக்கிறது. பழைய 133-வது பிரிவு இப்போது புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 152-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுத் தொல்லை என்று ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். அவருக்கு உத்தரவு போட அதிகாரம் உண்டு.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கலாம். 'எங்கள் வார்டில் மழைநீர்க் கால்வாயில் கழிவுநீர் விடும் இணைப்புகள் எத்தனை? எத்தனை துண்டிக்கப்பட்டன? எத்தனை லாரிக்கு உரிமம் இருக்கிறது?' இந்த மூன்று கேள்வியே போதும். பதில் எழுத வேண்டியவர் கணக்கெடுத்துத்தான் ஆக வேண்டும்.

லாரி கழிவு கொட்டினால் நம்பர் தெரியும்படி செல்போனில் படம் எடுத்துத் தேதி, நேரத்தோடு மாநகராட்சிக்கும் போலீசுக்கும் அனுப்பலாம். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல பெஞ்ச் சென்னையிலேயே இருக்கிறது.

அதோடு ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டுப் பின்பக்கத்தையும் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு குழாய் கால்வாய்ப் பக்கம் போகிறதா?

எனவே முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: கரைக்கு நீர்வளத்துறை. தொழிற்சாலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆற்றில் விழும் ஊர்ச் சாக்கடைக்கு அந்தந்த உள்ளாட்சி. இதில் மழுப்ப இடம் இல்லை. பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

அடுத்த மழைக்காலம் யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை. ஆற்றில் விட்டதை எல்லாம் ஆறு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும். முடிச்சூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும்.